டாங்க் நிறையட்டும், பிறகு மலை ஏறலாம்!

பழைய கார் வைத்திருப்பவர்கள் அதற்குச் செய்யும் அலங்காரத்தைப் பார்த்திருப்பீர்கள். பெயிண்டு பளபளக்கும். கண்ணாடி மின்னும். ஆனால், பெட்ரோல் டாங்கைக் கவனிப்பவர்கள் எத்தனை பேர்?

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோ மீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறவேண்டும். "கொஞ்ச தூரம்தானே! டாங்கில் இருப்பதே போதும்" என்று சிலர் புறப்பட்டு விடுகிறார்கள். அது சமவெளிக் கணக்கு. மலைக்கு ஒத்துவராது.

ஏன் தெரியுமா?

இளநீர் தீரும் சமயத்தில் காயைச் சாய்த்துப் பாருங்கள். உறிஞ்சும் குழாய் ஒரு பக்கம் இருக்கும். நீர் மறுபக்கம் ஓடிவிடும். உறிஞ்சினால் காற்றுதான் வரும்.

பெட்ரோல் டாங்கிலும் இதே கதைதான். அதற்குள்ளும் ஓர் உறிஞ்சு குழாய் உண்டு. மேடு ஏறும்போது பெட்ரோல் பின்னால் சாயும். கொண்டை ஊசி வளைவில் பக்கவாட்டில் ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால், குழாயின் வாய் வெளியே தெரியும். பம்பு காற்றை இழுக்கும். எஞ்சின் திணறி நின்றுவிடும். டாங்கில் பெட்ரோல் இருந்தும் வண்டிக்குப் பட்டினி!

பின்பக்கமாக ஏறிய கார்

அமெரிக்காவின் ஃபோர்டு 'மாடல் டி' கார் 1908-ல் வந்தது. ஊட்டிக்கு ரெயில் வந்ததும் அதே ஆண்டுதான். அந்தக் காரில் பெட்ரோல் பம்பே கிடையாது. பெரும்பாலும் முன் இருக்கையின் அடியில்தான் டாங்க். அங்கிருந்து பெட்ரோல் தானாகவே எஞ்சினுக்கு வழியவேண்டும். செங்குத்தான மேட்டில் எஞ்சின் உயர்ந்துவிடும், பெட்ரோல் போகாது. டிரைவர் என்ன செய்வார்? காரைத் திருப்பி, 'ரிவர்ஸ்' போட்டு, பின்பக்கமாகவே ஏறுவார்!

1960-களில் அமெரிக்காவில் 'மசில் கார்'கள் வந்தன. அசுர வேகத்தில் பாயும் கார்கள் அவை. பாயும்போது பெட்ரோல் பின்னால் தள்ளப்படும். அதனால் பந்தயக்காரர்கள் டாங்குக்குள் தடுப்புத் தகடு வைத்தார்கள். அடியில் சிறு குழி அமைத்து, அதில் குழாயை இறக்கினார்கள்.

நம் பழைய அம்பாசிடருக்கும் ஜீப்புக்கும் அவ்வளவு வேலை தேவையில்லை. அடிவாரத்திலேயே டாங்கை நிரப்புங்கள். பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். டாங்கில் துரு இருந்தால், முன்பே சுத்தம் செய்யுங்கள். குலுக்கலில் துரு கிளம்பிக் குழாயை அடைக்கும்.

காசு அதிகம் என்று தயங்கவேண்டாம். நிரப்பிய பெட்ரோல் எங்கும் போய்விடாது. குழந்தைகளோடு வளைவில் நிற்கும்போது பின்னால் பஸ் வந்தால், மிச்சம் பிடித்த காசு உதவாது!