‘ரிஸ்’ஸுக்கு அகராதியில் இடமுண்டா?

2023-இன் ஆங்கிலச் சொல்லாக ஆக்ஸ்போர்டு பதிப்பகம் ‘ரிஸ்’ஸைத் தேர்ந்தெடுத்தது. ‘கரிஸ்மா’வின் நடுத்துண்டு, ஆளைக் கவரும் சாமர்த்தியம் என்று பொருள். “பசங்க அரட்டைக்கெல்லாம் இவ்வளவு மரியாதையா?” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு.

இந்தச் சுளிப்பு புதுசா என்ன? ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், 1710-லேயே ‘தி டாட்லர்’ பத்திரிகையில் சொற்களை வெட்டிச் சுருக்குவோரைச் சாடினார். அவருக்குப் பிடிக்காத சொற்களில் ஒன்று ‘மாப்’. ‘மொபிலே வல்கஸ்’ என்ற லத்தீன் தொடரில் தலையை மட்டும் நறுக்கி எடுத்தது. கும்பல் என்று அர்த்தம். 1755-இல் சாமுவேல் ஜான்சனின் அகராதியிலேயே அது ஏறி உட்கார்ந்துவிட்டது! இன்று இங்கிலீஷ் பேப்பரில் கலவரச் செய்தி வந்தால் அந்தச் சொல்லைத்தான் முதலில் தேடுகிறோம். ஸ்விஃப்ட் கத்தினதுதான் மிச்சம்.

அகராதி என்ன, நன்னடத்தைச் சான்றிதழா? ஜனங்கள் பேசுவதைப் பதிவு பண்ற புத்தகம். ‘கொச்சை’ என்று குறிப்புப் போட்டுச் சேர்த்தால் யாருக்கு நஷ்டம்? ஆனால் அவசரமும் கூடாது. ஆக்ஸ்போர்டின் பெரிய அகராதியில் ஏறிய சொல்லைப் பிறகு இறக்கிவிடும் வழக்கமில்லை. ஆகவே சில வருஷம் தாக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்க்கட்டும். நாம் வாய்க்கு வாய் சொல்கிற ‘ஐயோ’வே 2016-இல்தானே அதற்குள் போனது!