காற்றுக்கு மட்டும் ஏன் பவுண்டு?

1956-ல் மெட்ரிக் சட்டம் வந்தது. படி, மரக்கால், வீசை எல்லாவற்றையும் நாம் விட்டோம். டயர் காற்று மட்டும் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றே நிற்கிறது. "பழகிப்போச்சு சார்" என்கிறார்கள். படி மட்டும் நமக்குப் பழகாமலா இருந்தது?

எந்த வண்டி வந்தாலும் "முப்பது" அடிப்பது என்ன நியாயம்? வண்டிக் கையேட்டில் 2.25 என்றிருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கான கிலோ கணக்கு, 14.2-ஆல் பெருக்கினால் 32 பவுண்டு. கிலோபாஸ்கல் என்றிருந்தால் 6.9-ஆல் வகுக்க வேண்டும். காற்று குறைந்தால் டயர் சூடேறும். கூடினால் மழையில் வழுக்கும். விழுந்தால் இடுப்பு உடைவது நம் வயதுக்காரர்களுக்குத்தான்.

பொன்னைச் சோதிக்கப் பராந்தகன் காலத்திலேயே பொன் வாரியம் வைத்த ஊர் உத்திரமேரூர். இங்கே காற்றடிக்கும் கடையில் இரண்டு அளவையும் எழுதி ஒரு பலகை மாட்டுவது அவ்வளவு பெரிய காரியமா? கேளுங்கள், கேட்டால்தான் மாட்டுவார்கள்.