தோட்டாவின் வேகத்தை ஊஞ்சல் கட்டி அளந்தவர்... கடலூரில் முடிந்த கதை!

ஆடி அமாவாசை வந்தால் ஏரலில் கால் வைக்க இடம் இருக்காது. ஊருக்குச் சேர்மனாக இருந்த அருணாசலரையே சாமியாகக் கும்பிடும் கோயில். தாமிரபரணிக் கரையெங்கும் கூட்டம். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், எந்தத் திருவிழாவிலும் இருப்பதுபோல வளையல் கடை, மிட்டாய்க் கடை, ராட்டினம்... கூடவே பலூன் சுடும் கடை!

பலகையில் வரிசையாகப் பலூன்கள். கையில் ஏர்கன். அஞ்சு தடவை சுட்டால் அஞ்சும் வெடிக்கும் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். ரெண்டு வெடித்தால் பெரிய விஷயம். "துப்பாக்கியே கோணலா இருக்கு அண்ணாச்சி" என்பது அடுத்த வசனம்.

இந்த இடத்தில் எந்தக் குழந்தைக்கும் ஒரு கேள்வி வரும்: "குண்டு எவ்வளவு ஸ்பீடா போகுது?"

பஸ்ஸின் வேகத்தை ஸ்பீடோமீட்டர் சொல்லும். பந்துவீச்சாளரின் வேகத்தை டிவியில் போடுகிறார்கள். கண்ணுக்கே தெரியாமல் பறக்கிற குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? இன்றைக்குக் கருவி இருக்கிறது. ஆனால், கரன்ட்டும் இல்லாத, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கக் கடிகாரமும் இல்லாத காலத்திலேயே ஒருவர் இதை அளந்துவிட்டார். அவர் பயன்படுத்தியது ஓர் ஊஞ்சல். அவர் உயிர் பிரிந்தது நம்ம கடலூரில்.

போர் வேண்டாம் என்ற வீட்டில் பிறந்தவர்

பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பிறந்தவர். குவேக்கர் குடும்பம். ஆயுதமே தொடக் கூடாது என்று சொல்கிற கிறிஸ்தவப் பிரிவு அது. அந்த வீட்டுப் பிள்ளைதான் பிற்காலத்தில் பீரங்கிக் கணக்குக்கே குருவானார்! கணக்கைப் பெரும்பாலும் தானாகவே படித்தவர். 20 வயதில் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

1742-ல் துப்பாக்கி, பீரங்கி பற்றி ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதில்தான் ஊஞ்சல் வருகிறது. மூன்றே ஆண்டுகளில், கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார். மூலப் புத்தகத்தைவிட ஆய்லர் எழுதிய விளக்கம்தான் நீளம் என்பது வேறு கதை.

ஊஞ்சலின் சூட்சுமம் எளிது. வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் சும்மா தொங்குகிறது. ஒரு பொடியன் ஓடிவந்து அதில் தொப்பென்று விழுகிறான். பொடியனோடு சேர்ந்து ஊஞ்சல் மெதுவாக நகரும். அவன் வேகமாக வந்திருந்தால் ஊஞ்சல் அதிகம் போகும். மெதுவாக வந்திருந்தால் கொஞ்சம் போகும். ஊஞ்சல் எவ்வளவு தூரம் போனது என்று அளந்தால், பொடியன் வந்த வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் 'உந்த அழிவின்மை' என்று மனப்பாடம் செய்தோமே... அதேதான்.

ராபின்ஸின் ஊஞ்சல் 56 பவுண்டு, அதாவது சுமார் 25 கிலோ எடை. இரும்புச் சட்டத்தில் கனமான மரப்பலகை. அதை நோக்கிச் சுட்டது ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையுள்ள ஈயக் குண்டு. சுமார் 38 கிராம். குண்டு மரத்தில் புதைந்ததும் ஊஞ்சல் பின்னால் போகும். எவ்வளவு போனது என்று யார் பார்ப்பது? கண் இமைப்பதற்குள் திரும்பிவிடுமே! அதற்கு அவர் செய்த ஏற்பாடுதான் அழகு. ஊஞ்சலின் அடியில் ஒரு நாடாவைக் கட்டினார். ஊஞ்சல் பின்னால் போகும்போது நாடாவை இழுத்துக்கொண்டு போகும். திரும்பி வரும்போது நாடா அப்படியே கிடக்கும். பிறகு ஆற அமர அளந்துகொள்ளலாம். ஒருமுறை பதினேழேகால் அங்குலம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் குண்டின் வேகம் வினாடிக்கு 1,641 அடி. நம் அளவில் 500 மீட்டர்!

காற்று செய்யும் வேலை

வேகத்தைக் கண்டுபிடித்ததோடு அவர் நிற்கவில்லை. துப்பாக்கிக்கும் ஊஞ்சலுக்கும் உள்ள இடைவெளியை மாற்றி மாற்றிச் சுட்டார். 25 அடியில் வேகம் 1,670 அடி. 75 அடியில் 1,550. 125 அடியில் 1,425. வெறும் நூறு அடிக்குள் ஏழில் ஒரு பங்கு வேகம் காணாமல் போயிருக்கிறது. தின்றது காற்று.

அதுவரை பெரிய பெரிய அறிஞர்களே, கனமான குண்டைக் காற்று என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். ராபின்ஸ் கணக்குப்படி, அந்த வேகத்தில் குண்டைக் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை, குண்டின் எடையைப்போல 120 மடங்கு!

அவரே காட்டிய இன்னொரு கணக்கு. வினாடிக்கு 1,700 அடி வேகத்தில் 45 டிகிரி சாய்த்துச் சுட்டால், காற்றே இல்லாவிட்டால் குண்டு 17 மைல் போக வேண்டும். ஏரலில் நின்று சுட்டால் திருச்செந்தூரைத் தாண்டிக் கடலுக்குள் விழ வேண்டும். நிஜத்தில் அந்தக் காலத்துக் குண்டு அரை மைல்கூடப் போகவில்லை. ஏரல் எல்லையைத் தாண்டியிருந்தாலே ஆச்சர்யம்.

இன்னொன்றையும் கவனித்தார். குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறுகிறது. ஜெட் விமானம் பறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பு!

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 600 மீட்டர், 1,000 மீட்டர் தூரத்தில் இருக்கும் பலகையைக் குறிவைக்கும் ரைஃபிள் விளையாட்டில் இன்றைக்கும் இதே தலைவலிதான். குழாயைவிட்டு வெளியே வந்த நொடியிலிருந்தே தோட்டா கீழே விழ ஆரம்பித்துவிடுகிறது, மாமரத்திலிருந்து மாங்காய் விழுவதைப்போல. எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறதோ, அவ்வளவு விழும். எவ்வளவு நேரம் இருக்கும் என்பது வேகத்தைப் பொறுத்தது. வினாடிக்கு 800 மீட்டர் என்று நினைத்துக் குறிவைத்து, உண்மையில் 790-ஆக இருந்தால் என்னாகும்? காற்றைக் கணக்கில் சேர்க்காமலே 1,000 மீட்டரில் சுமார் 20 சென்டிமீட்டர் கீழே போய்ப் பதியும். காற்றையும் சேர்த்தால் இன்னும் மோசம். தோட்டா ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும் இடத்தில் தள்ளாட வேறு செய்யும் என்பதால், அதற்கு முன்பே பலகையைத் தொட்டுவிட வேண்டும் என்று வீரர்கள் பார்ப்பார்கள்.

வேகத்தை அளக்க இப்போது 'குரோனோகிராஃப்' இருக்கிறது. இரண்டு ஒளி சென்சார்கள். முதலாவதைத் தோட்டா கடந்ததும் கடிகாரம் ஓடும், இரண்டாவதில் நிற்கும். ரேடார் வகையும் வந்துவிட்டது. அது இல்லாதவர்கள்? விழுந்த அளவை வைத்து வேகத்தைப் பிடிப்பார்கள். 100 மீட்டரில் சரியாக மையத்தில் படும்படி குறியைச் சரிசெய்துகொண்டு, அதே குறியோடு 300 மீட்டர் பலகையைச் சுடுவது. காற்றையும், குழாய்க்கு மேலே தொலைநோக்கி இருக்கும் உயரத்தையும் மறந்துவிட்டால், 800 மீட்டர் வேகத் தோட்டா 46 சென்டிமீட்டர் கீழே படும். 700 மீட்டர் வேகத் தோட்டா 60 சென்டிமீட்டர் கீழே படும். ஆக, பலகையில் விழுந்த துளையே வேகத்தைச் சொல்லிவிடும். மறந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட இப்போது மொபைல் ஆப்களே உண்டு. ஒரே ஒரு துளையை நம்பக் கூடாது. பல தடவை சுட்டுச் சராசரி எடுக்க வேண்டும்.

ஆடி மாதத்தில் ஒரு மரணம்

1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் தலைமையிடத்தைக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாற்றியது. மூன்று வருடம் கழித்துச் சென்னை திரும்பக் கிடைத்தாலும் பயம் போகவில்லை. கோட்டைகளைப் பலப்படுத்த ஆள் தேடியபோது கிடைத்தவர் ராபின்ஸ். 1750-ல் கடலூர் வந்து இறங்கினார்.

அடுத்தவர் நாட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கம்பெனிக்குத்தான் அந்த மூளை வேலை செய்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், வெயிலும் காய்ச்சலும் அவரை ஒரு வருடம்தான் விட்டுவைத்தன. 1751 ஜூலை 29 அன்று கோட்டையிலேயே இறந்துபோனார். நம் கணக்குக்கு அதுவும் ஆடி மாதம்தான். கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, பேனா கையில் இருக்கவே உயிர் போனது என்பார்கள். வயது 44. கோட்டை வரைபடங்கள் காகிதத்தோடு நின்றுபோயின. குழாயின் உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய ரைஃபிள்தான் எதிர்காலத்தை ஆளும் என்று அவர் 1747-லேயே சொல்லியிருந்தார். ராணுவங்கள் அதை முழுசாக ஏற்க இன்னும் நூறு வருடம் ஆனது.

கோட்டையின் மிச்சம் இன்றும் கடலூரில் இடிபாடாக நிற்கிறது. அதே கடலூரில் 1999-ல் பிறந்தவர்தான் இளவேனில் வாலறிவன். வளர்ந்தது அகமதாபாத்தில். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்று, டோக்கியோ, பாரீஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் குறிவைத்தவர். அவர் போட்டியில் 'பத்து' என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி! இந்த வகை ரைஃபிளில் பெல்லட்டின் வேகம் வினாடிக்கு 170 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அந்தப் பத்து மீட்டருக்குள்ளேயே அது ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் விழுந்துவிடும். எப்போதும் ஒரே அளவு விழுந்தால் குறியைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். டப்பாவுக்கு டப்பா வேகம் மாறினால் புள்ளி தவறும். பெரிய போட்டியாளர்கள் பெல்லட்டை டப்பா டப்பாவாகச் சோதித்து வாங்குவது அதனால்தான்.

பலூன் கடை அண்ணாச்சி மேல் வைத்த புகாருக்கு வருவோம். ராபின்ஸ் வேண்டுமென்றே ஒரு துப்பாக்கிக் குழாயை இடதுபக்கம் வளைத்துச் சுட்டுப் பார்த்திருக்கிறார். வழியில் மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்தி, குண்டு எந்தெந்த இடத்தில் ஓட்டை போடுகிறது என்று கவனித்தார். குண்டு முதலில் இடதுபக்கம் போனது. பிறகு சுழற்சியால் வளைந்து வலதுபக்கம் போய்விட்டது. கோணல் துப்பாக்கியால் குறி தவறும் என்பது சரி. எந்தப் பக்கம் தவறும் என்பதுதான் நாம் நினைப்பதுபோல இல்லை!

ராபின்ஸின் ஊஞ்சலை வீட்டிலேயே, துப்பாக்கி இல்லாமல் கட்டிப் பார்க்கலாம். தீப்பெட்டியில் ஈரக் களிமண்ணை அடைத்து, எடை 45 கிராம் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நூல்களால், ஒரு மீட்டர் நீளத்தில், ஊஞ்சல்போலத் தொங்கவிடுங்கள். 5 கிராம் கோலியைக் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும்படி எறியுங்கள். பின்னால் ஒரு ஸ்கேலைப் பிடித்து, மொபைலில் வீடியோ எடுத்தால் எவ்வளவு தூரம் போனது என்று தெரிந்துவிடும். நாடா வேலையை மொபைல் பார்த்துக்கொள்ளும். 16 சென்டிமீட்டர் போனால், 0.16-ஐ 3.13-ஆல் பெருக்குங்கள். 0.5 வரும். பெட்டியும் கோலியும் சேர்ந்த எடை கோலியைப்போலப் பத்து மடங்கு என்பதால் பத்தால் பெருக்குங்கள். வினாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம்.

கோலி குறி தவறினால் பின்னால் டிவி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.