யாருக்கு முதலிடம்?

2022 மார்ச் இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டு, அவசரமானவை மட்டும் நடந்தன. ஜூன் இறுதியில் எரிபொருளும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றானது. இருப்பது எல்லோருக்கும் போதாதபோது யாருக்கு முதலில் கொடுப்பது? அந்த ஆண்டு முழு நாடும் இக்கேள்வியை எதிர்கொண்டது.

மருத்துவத்தில் இதற்கு 'ட்ரியாஜ்' என்று பெயர். பிரித்தெடுத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. நெப்போலியனின் படை வைத்தியர் டொமினிக் லாரே, காயமடைந்தோரைப் பதவி பார்த்தல்ல, காயத்தின் கடுமை பார்த்தே கவனித்தார். இன்றும் பேரனர்த்தங்களில் நிற அட்டை கட்டுகிறார்கள். உடனே கவனித்தால் பிழைக்கக்கூடியவருக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியவருக்கு மஞ்சள், நடக்கக்கூடியவருக்குப் பச்சை, காப்பாற்ற முடியாதவருக்குக் கறுப்பு. முதலில் வந்தவர், சத்தம் போட்டவர், ஆள் தெரிந்தவர் என்ற கணக்கு அங்கே இல்லை. இப்போது உதவினால் யாருடைய நிலை மாறும் என்பதே கேள்வி.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது எமது பாடசாலைகள் பலவற்றில் நடப்பது இதற்கு நேர்மாறு. மேலதிக வகுப்பு, கருத்தரங்கு, பழைய மாணவர் தரும் பணம் எல்லாம் ஒன்பது ஏ எடுக்கக்கூடிய பிள்ளைகளைச் சுற்றியே போகின்றன. அவர்கள் பச்சை அட்டைக்காரர்கள். நாம் கைபிடிக்காவிட்டாலும் நடந்துவிடுவார்கள். கணிதத்தில் 28, 30 புள்ளிகளில் நிற்கும் பிள்ளைக்கோ 35 கிடைத்தால் சித்தி. உயர்தர வகுப்பின் கதவு அந்தச் சில புள்ளிகளில் இருக்கிறது. சிவப்பு அட்டை அந்தப் பிள்ளைக்கே உரியது. ஆனால் ஓர் எஸ் சித்திக்காக யாரும் சந்தியில் பதாகை கட்டுவதில்லை.

நானும் இதில் பங்காளிதான். பின்வரிசைப் பிள்ளைகள் சிலருக்கு மனதுக்குள் கறுப்பு அட்டை கட்டியிருக்கிறேன். வைத்தியசாலையில் நோயாளியைத் திரும்பத் திரும்பப் பார்த்து அட்டையை மாற்றுகிறார்கள். வகுப்பறையில் தரம் 6இல் கட்டிய அட்டை தரம் 11 வரை கழலுவதில்லை.

கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கைவிடச் சொல்லவில்லை. காத்திருக்கச் சொல்வது கைவிடுவதாகாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரேயொரு தீர்மானம் எடுக்கட்டும்: மேலதிக வகுப்புக்கான முதல் பணமும் முதல் மணித்தியாலமும் சித்தியின் விளிம்பில் நிற்கும் பிள்ளைகளுக்கு. மாதம் ஒருமுறை பட்டியலை மீளப் பார்க்க வேண்டும். ஏன் இந்த வரிசை என்பதை எல்லாப் பெற்றோருக்கும் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். பதாகைகள் குறையலாம்; பாடசாலையை விட்டு இடையில் போகும் பிள்ளைகளும் குறைவார்கள்.