திரும்ப வந்துவிடுமோ?



மனச்சோர்விலிருந்தும் பதற்ற நோயிலிருந்தும் மீண்டவர்கள் பலர் நம்மிடம் கேட்பது இது: “இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். அது திரும்ப வந்துவிடுமோ?” ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலும், காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தாலும் உடனே பயம் பற்றிக்கொள்கிறது.

உண்மையை மறைக்க வேண்டாம். ஒருமுறை மனச்சோர்வு கண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது மறுபடியும் வருகிறது. ஆனால், முதல்முறை என்ன நடக்கிறதென்றே தெரியாமல் தவித்தீர்கள். இப்போது அதன் போக்கு உங்களுக்குத் தெரியும். எது கைகொடுத்தது என்பதும் தெரியும்.

சோர்வோ, எதிலும் பிடிப்பில்லாமையோ அநேகமாக எல்லா நாளும் இரண்டு வாரம் நீடித்தால்தான் மருத்துவர்கள் அதை நோயாகக் கணக்கில் எடுக்கிறார்கள். ஒரு மோசமான நாளைக் கண்டு மிரள வேண்டாம். அது நாலைந்து நாளாக நீண்டால், இரண்டு வாரம் முடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம்.

நலமாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். போனமுறை முதலில் மாறியது எது? விடியற்காலை விழிப்பா, போனை எடுக்காமல் விட்டதா, குளிக்கக்கூடத் தோன்றாததா, வீட்டில் எரிந்து விழுந்ததா? கீழே மருத்துவரின் எண்ணை எழுதி, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். மாற்றத்தை நமக்கு முன்பே அவர் கவனித்துவிடக்கூடும்.

“நல்லாயிடுச்சே, இனி மாத்திரை எதுக்கு?” என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடரச் சொல்வது, நோய் திரும்பாமல் காப்பதற்காகத்தான். சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கக்கேடு, படபடப்பு எல்லாம் வரலாம். அதையே நோய் என்று நினைத்துப் பயந்துவிடுவோம். மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைப்பதே சரி.

மனச்சோர்வு திரும்புவதைத் தடுக்கவென்றே சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் எட்டு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். “நான் தேறவே மாட்டேன்” என்ற நினைப்பு வந்தால், அதோடு மல்லுக்கட்டாமல், ‘இது ஒரு நினைப்பு’ என்று அடையாளம் காணப் பழக்குகிறது அது. ‘திரும்ப வந்துவிடும்’ என்ற பயத்துக்கும் இதே பழக்கம் உதவும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: “மறுபடியுமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “வா, டாக்டரைப் பார்க்கலாம், நானும் வர்றேன்” என்று சொல்லுங்கள்.

மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழையுங்கள். இந்த எண்ணை உங்கள் தாளில் இன்றே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்