உப்பளத்துப் பிள்ளையின் ஒரு நாள், ஆங்கிலத்தில்

ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் புத்தகங்களில் ஒருவர் தவறாமல் வருவார். காலை ஆறு மணிக்கு எழுவார், பல் துலக்குவார், காபி குடித்துக்கொண்டே செய்தித்தாள் படிப்பார், எட்டரைக்கு ஆபீஸ் கிளம்புவார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போவார். கபில்தேவ் விளம்பரம் செய்த ரேபிடெக்ஸ் காலத்திலிருந்து இன்றைய செல்போன் செயலிகள் வரை அவருக்கு வயதே ஆகவில்லை. அன்றாட வழக்கங்களைச் சொல்லிப் பழகுவது நல்ல பாடம்தான். தினமும் செய்கிற வேலையைச் சொல்ல யோசிக்க வேண்டியதில்லை. சொல் கிடைத்தால் போதும். ஆனால் பாடத்தில் வரும் நாள் யாருடைய நாள் என்பதில்தான் வில்லங்கம்.

மரக்காணத்தில் அந்த ஆபீஸ்காரர் எடுபடமாட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, பாத்தி பாத்தியாக உப்பளங்கள் விரிந்து கிடக்கும் ஊர் அது. வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை என்பதால் இருட்டிலேயே வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் அதிகம். விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்போரம் குவிக்க வேண்டும், ஈரம் வடிந்ததும் கூடையில் சுமந்து கொட்டடிக்குக் கொண்டுபோக வேண்டும். தைக்குப் பிறகு சூடுபிடிக்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் நின்றுவிடும். பாத்திகள் தண்ணீருக்குள் போய்விட்ட பிறகு உப்பு ஏது, கூலி ஏது? இந்த வீட்டுப் பிள்ளைக்குத் ‘தினமும்’ என்பதே ஆண்டில் இரண்டு விதம்.

இதே மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் கற்றல் இடைவெளியை நிரப்ப, ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அவரவர் தெருவிலேயே வகுப்பு. சொல்லித்தந்தவர்கள் அதே ஊர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. இந்தத் திட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வசதி இருந்தது. எந்தப் பிள்ளையின் அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்பது தெருக்காரருக்குத் தெரியும். பாடநூல் எழுதியவருக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட ஒரு வகுப்பில் அப்பாவின் காலையைப் பற்றிக் கேட்டால், பிள்ளை “மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபோர்” என்று சொல்லக்கூடும். ‘கெட்ஸ் அப்’ என்று சிவப்பு மையால் திருத்திவிட்டு நகர்வது எளிது. ஆனால் அந்த ‘வில்’ அறியாமையால் வந்ததல்ல. “அப்பா நாலு மணிக்கு எழுந்திருப்பார்” என்றுதான் தமிழில் வழக்கத்தைச் சொல்கிறோம். எதிர்கால வினைமுற்றே நம்மிடம் பழக்கத்துக்கும் வேலை செய்கிறது. அதை நம்பித்தான் பிள்ளை ஆங்கிலத்துக்குள் கால் வைக்கிறது. இதை இரண்டு நிமிடம் எடுத்துச் சொல்லும் ஆசிரியருக்குப் பாதி இலக்கண வகுப்பு மிச்சம்.

வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் மொழி வந்துவிடும் என்ற நம்பிக்கை தமிழகப் பள்ளிகளில் நெடுங்காலம் கோலோச்சியது. அதைக் கேள்விக்கு உட்படுத்திய ஆய்வும் இங்கேயே நடந்தது. 1979 முதல் 1984 வரை மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம் உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் படிக்கிற ஒன்று. பெயர்தான் பெங்களூர்; வகுப்புகள் சென்னையிலும், புதுச்சேரிக்குத் தெற்கே கடலூரிலும்கூட நடந்தன. பிரபு இலக்கண விதிகளைப் பாடமாக நடத்தவில்லை. ரயில் கால அட்டவணையையோ ஒரு வரைபடத்தையோ கையில் கொடுத்து, விடை கண்டுபிடிக்கச் சொன்னார். எந்த வண்டியில் ஏறினால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் வாதம். 1987-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவர் முறையில் குறைகண்டவர்கள் உண்டு. பிள்ளைகள் உண்மையிலேயே கற்றார்களா என்பதை அளந்த விதம் பற்றிய சர்ச்சை இன்னும் தீரவில்லை. இருந்தாலும், கேட்கிறவருக்கே விடை தெரிந்த கேள்வியில் உயிர் இல்லை என்பது வகுப்பறையில் நின்றவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வதுதான்.

மரக்காணத்தில் அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பாத்தியில் தண்ணீர் விட்ட எத்தனையாவது நாளில் உப்பு வாருவீர்கள்? நடுவில் ஒரு மழை பெய்தால் என்ன செய்வீர்கள்? காலை எட்டு மணிக்குள் புதுச்சேரியில் இருக்க வேண்டும் என்றால் எந்தப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்? வெளியூரிலிருந்து வந்த ஆசிரியருக்கு முதல் இரண்டுக்கும் விடை தெரியாது. அங்கே பிள்ளைதான் வாத்தியார். தப்பும் தவறுமான ஆங்கிலம் என்றாலும் அவர் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சொந்த வாழ்க்கையைச் சொல்லச் சொல்வது எல்லாப் பிள்ளைக்கும் இனிக்காது. “காலையில் வீட்டில் என்ன சாப்பிட்டாய்?” என்ற அப்பாவிக் கேள்விக்கு, ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளை எல்லோர் முன்னாலும் பொய் சொல்ல நேரும். நல்ல வேளையாக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இதற்கு மாற்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைவாரியாக உணவு உண்டு. திங்கள் என்ன, புதன் என்ன என்று வகுப்பே சேர்ந்து சொல்லலாம். எல்லோருக்கும் பொதுவான வழக்கம். யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை.

மழைக்காலம் வந்தால் இன்னொரு வாய்ப்பு. வழக்கமாகச் செய்வதற்கும் இப்போது செய்துகொண்டிருப்பதற்கும் ஆங்கிலத்தில் வினை வேறுபடும். ‘ஐ ஆம் கோயிங் டெய்லி’ என்று பட்டதாரிகளே தடுமாறும் இடம் இது. உப்பளத்தில் வேலை பார்க்கும் அம்மா, கார்த்திகையில் வேறு வேலை தேடிப் போயிருப்பார், அல்லது வீட்டில் இருப்பார். அந்த மாதம் “அம்மா என்ன வேலை செய்கிறார்?”, “இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்?” என்று அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டுக்கும் உண்மையாகவே வெவ்வேறு பதில்கள் வரும்.