போடியின் கடைசித் தெருக்கள்



போடிநாயக்கனூருக்கு ரயில் வருவதும் போவதும் பழைய கதை. 1928-ல் மீட்டர் கேஜ் பாதை வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். 2010 முடிவில் அகலப் பாதைக்காக மூடியவர்கள், 2023 ஜூன் 15 அன்றுதான் போடியிலிருந்து சென்னைக்கு நேரடி ரயிலுக்குக் கொடியசைத்தார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடித்துவிடும் காலம் அது. ரயில் வந்ததும் முதலில் சுறுசுறுப்பானவர்கள் மனை விற்பவர்கள். அவர்களுடைய விளம்பரப் பலகைகளை நம்பினால், போடியைச் சுற்றியுள்ள அத்தனை மனையும் ரயில் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடத்தில்தான் இருக்கிறது!

அந்தப் பலகைகளைத் தாண்டிப் போனால், பலகை நடுவதற்கு முன்பே ஆட்கள் குடியிருக்கிற தெருக்கள் வரும். இந்த மாதம் அந்தத் தெருக்களைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

2001-ல் போடி நகராட்சியின் மக்கள்தொகை 73,430. 2011-ல் 75,675. பத்து வருஷத்தில் கூடியது இரண்டாயிரத்துச் சொச்சம். ஊர் வளரவில்லையா என்றால், வளர்ந்திருக்கிறது. நகராட்சி எல்லைக்குள் இடம் இல்லை, இருந்தாலும் விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் ஊர் விளிம்பில் பெருத்துவிட்டது. மேலச்சொக்கநாதபுரம் காகிதத்தில் தனிப் பேரூராட்சி. பஸ்ஸில் போகிறவருக்கு எது எங்கே முடிகிறது என்று தெரியாது. சுப்புராஜ் நகர் மாதிரி ஊரோடு சேர்ந்துவிட்ட நகர்கள் உண்டு. இன்னும் சேராத நகர்களும் உண்டு. அவற்றின் பெயரை ஆட்டோக்காரரிடம் சொன்னால், 'எந்தப் பக்கம்ணே?' என்று திருப்பிக் கேட்பார்.

இந்த விளிம்பில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, மலையைப் பார்க்க வேண்டும். மேலே விளைவதெல்லாம் கீழே இறங்கிச் சேரும் இடமாகத்தான் போடி பெரிய ஊரானது. மூணாறு தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டக்குடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போயிற்று. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. தேயிலை வழி மாறியது, ஏலக்காய் மாறவில்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு இடங்களில் ஒன்று கேரளத்தின் புற்றடி, மற்றது போடி. காய் கேரளத்து மலையில் விளைகிறது. அதை எடுக்கிற கையும் தரம் பிரிக்கிற கையும் பெரும்பாலும் போடிப் பக்கத்துப் பெண்களுடையவை.

காயைப் போலவே ஆட்களும் இறங்குகிறார்கள். எஸ்டேட்டில் லயத்து வீடு என்பது வேலை இருக்கும்வரைதான். முப்பது நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளியவரும் காய் எடுத்தவரும் ஓய்வு பெறும் நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டும். பிறந்தது மேலே, பிள்ளை பெற்றது மேலே, மாமனார் மாமியாரைப் புதைத்ததும் மேலே. ஆனால் கையகல மண்கூட மேலே சொந்தமில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது எழுபது பேர் போனார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தமிழ்க் குடும்பங்கள் அவை. அந்த மக்களுக்குச் சொந்த வீடில்லை என்பதை வெளியுலகம் அப்போதுதான் கொஞ்சநாள் பேசியது. அப்படி இறங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் பணிக்கொடைப் பணத்தில் இரண்டு சென்ட், மூன்று சென்ட் வாங்கிப் போடியின் ஓரத்தில் வந்து சேர்கிறார்கள். மேலே அவர்களுக்குப் பெயர் 'பாண்டிக்காரர்'. கீழே வந்தால் 'எஸ்டேட்காரங்க'. இரண்டு பக்கமும் இன்னொரு பக்கத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு கூட்டம் தினமும் ஏறி இறங்குகிறது. விடியுமுன்னே தெருமுனையில் ஜீப்பு நிற்கும். தூக்குவாளியில் சோறு, மழைக்குப் பிளாஸ்டிக் படுதா, அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும். முந்தலைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவேறி, போடிமெட்டு சோதனைச் சாவடி வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரிப் பக்கம் போய், காயெடுத்துவிட்டுப் பொழுதிறங்கித்தான் திரும்புவார்கள். எல்லையில் ஏதாவது ஒன்று என்றால் முதல் அடி இவர்களுக்குத்தான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை கொதித்தபோது மலையிலிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தேனி மாவட்டத்துக்கு இறங்கினார்கள். 2020-ல் கொரோனாவுக்காகச் சாவடி மூடியபோது இதே தெருக்களில் அடுப்பும் அணைந்தது. தேர்தல் வந்தால் மட்டும் எல்லாருக்கும் இவர்கள் நினைவு வரும். இரண்டு மாநிலத்திலும் ஓட்டு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு புகார் எழும், சோதனைச் சாவடியில் விரல் மையைப் பார்ப்பார்கள். ஓட்டு இரண்டு இடத்தில் இருப்பது குற்றம்தான். வாழ்க்கையே இரண்டு இடத்தில் இருப்பதற்கு யார் என்ன செய்திருக்கிறார்கள்?

இந்த மாதிரித் தெரு எப்படி உண்டாகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் சுண்ணாம்படித்த எல்லைக்கல். அப்புறம் ஓர் ஆள் துணிந்து வீடு கட்டி, பக்கத்துத் தெருவிலிருந்து வயர் இழுத்துப் பல்பு போடுவார். நான்கு வீடு சேர்ந்ததும் ஆழ்குழாய்க் கிணற்றுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். ஏழெட்டு வீடாகும்போது வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று நட்டிருக்கும். மறுவருஷம் அதற்குத் தகரக் கூரை, அதற்கடுத்த வருஷம் பொங்கலும் மைக் செட்டும். தெருவுக்குப் பெயர் வரும், சங்கம் வரும், சங்கத்தில் சண்டையும் வரும். சாக்கடை மட்டும் வராது. கழுவின தண்ணீர் வாசலில் தேங்கும். பெண்கள் அதை மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டு, ஒதுக்கிய இடத்தில் கோலம் போடுவார்கள். நகராட்சியோ பேரூராட்சியோ வந்து எட்டிப் பார்க்கும்போது இத்தனையும் நடந்து முடிந்திருக்கும். வருகிற பொறியாளர் தன் வரைபடத்தில் அந்த இடத்தைக் 'காலி' என்று குறித்து வைத்திருப்பார்.

இந்த மாதிரித் தெருக்களைப் புனரமைக்கும் திட்டங்கள் தடம் புரளுவது இந்தக் 'காலி'யில்தான் என்பது என் எண்ணம். ஏற்கெனவே ஜனங்கள் போட்டு வைத்த உறவையும் வழக்கத்தையும் கணக்கில் எடுக்காமல், வெற்றுநிலத்தில் வீடு வைப்பதுபோல் திட்டம் போடுகிறோம்.

நம் மாநிலத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்துத் துரைப்பாக்கத்துக்கு அருகே கண்ணகி நகரில் குடிவைத்தார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது. வேலை, பள்ளிக்கூடம், கடன் கொடுக்கும் பெட்டிக்கடை எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் ஊரை மறைத்தார்கள். 2020-ல் ஓவியர்கள் வந்து கட்டடச் சுவர்களில் மாடி உயரத்துக்குப் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். அழகாகத்தான் இருக்கின்றன, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்க நிமிர்த்தி வைத்தது அங்கே வளர்ந்த ஒரு பெண். 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்தவரை எல்லாரும் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றுதான் அழைத்தார்கள். சுவருக்குச் செலவழித்ததில் கொஞ்சம் கபடி மைதானத்துக்கும் போனால் நல்லது என்பேன்.

இதற்கு நேரெதிராக ஒன்றும் நடந்திருக்கிறது. அதை நாம் ஏனோ மறந்துவிட்டோம். 1977-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் வீடு கட்டித் தரவில்லை. சின்னச் சின்ன மனை, குடிநீர், கழிவுநீர் இணைப்பு, ரோடு இவற்றைக் கொடுத்து, வீட்டை அவரவர் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பணம் வர வர ஓர் அறை, ஒரு மாடி, கீழே ஒரு கடை என்று ஜனங்களே எழுப்பினார்கள். இன்று அங்கே போகிறவருக்கு அது ஏழைகளுக்கான திட்டமாகத் தொடங்கிய இடம் என்றே தெரியாது. சென்னையின் மற்ற தெருக்களைப் போலக் கலகலவென்று இருக்கிறது. அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு ஒதுங்கி நின்றது, அவ்வளவுதான். போடி ஓரத்து மக்கள் கேட்பதும் இந்த அளவுதான். வீட்டை அவர்கள் கட்டிக்கொண்டார்கள். சாக்கடையை அவர்களால் கட்டிக்கொள்ள முடியாது.

இன்னும் பின்னால் போனால் பேட்ரிக் கெடிஸ் இருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரர், உயிரியல் படித்து நகரமைப்புக்கு வந்தவர். 1914-ல் சென்னைக்கு வந்து மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து 1915-ல் அறிக்கை கொடுத்தார். நெரிசலான தெருக்களை இடித்து நேர்ச்சாலை போடத் துடித்த நகராட்சிகளிடம், தஞ்சாவூர் கோட்டைப் பகுதியை உதாரணம் காட்டி, இடிந்து கிடக்கிற ஒன்றிரண்டு வீட்டை மட்டும் எடுத்தால் போதும், அந்த இடத்தில் மரம் வையுங்கள், மற்றவர்களை விட்டுவிடுங்கள் என்றார். செலவும் வெகுவாகக் குறையும் என்று கணக்குக் காட்டினார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் நம் ஊர் ஒப்பந்தக்காரர்களுக்கு இடிப்பதில்தான் பிரியம் அதிகம்.

ஒன்றை மூடி மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. யார் ஊர் நடுவில், யார் ஊர்க்கோடியில் என்பதைப் பணம் மட்டும் தீர்மானிப்பதில்லை. 1989-ல் போடி வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரத்தை ஐம்பது வயது தாண்டிய யாரும் அங்கே மறந்திருக்க மாட்டார்கள். மலையடிவாரத்தில் சிறைக்காடு போன்ற பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் போடிக்கும் உள்ள தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்க முடியாது. எல்லாச் சாதியாரையும் ஒரே தெருவில் குடிவைத்துப் பார்க்கலாம் என்று 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தார்கள். நல்ல எண்ணம். சமத்துவபுரங்களின் முகப்பில் பெரியார் சிலை இருக்கும். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் ஜனங்கள் தங்கினார்கள், அல்லது வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அடுத்தவரோடு சேர்ந்து இருக்க ஒரு காரணம் வேண்டும். குடிநீர்க் குழாயடி, பள்ளிக்கூட வாசல், ரேஷன் கடை வரிசை, விளையாட்டு மைதானம் என்று அந்தக் காரணம் எங்கேயாவது கிடைக்க வேண்டும். விளிம்புத் தெருக்களில் மற்ற இடங்களைவிட இது சுலபம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே எல்லாரும் வந்தேறிகள். யாருக்கும் முதல் மரியாதை கிடையாது.

இனிச் செய்ய முடிந்த ஒன்றைச் சொல்கிறேன். 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராமசபை போலத்தான்: வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்களைக் கூட்டி, என்ன தேவை என்று கேட்பது. ஊர்க்கோடித் தெருவுக்கு இதைவிட நல்ல வாசல் இதுவரை திறந்ததில்லை. 'நமக்கு நாமே' திட்டத்தில் ஜனங்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். கிணற்றுக்குத் தலைக்கட்டு வரி போட்டுப் பழகிய தெருவுக்கு அது ஒன்றும் புதிதல்ல. ஆனால் கூட்டத்தை வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? அந்த நேரத்தில் தெருவின் பாதிப் பேர் சாந்தன்பாறையில் ஏலத்தட்டைக்கு நடுவே குனிந்து நிற்பார்கள். மீதிப் பேர் ஏலக்காய்க் கம்பெனியில் உட்கார்ந்து காம்பும் சருகும் நீக்கிக்கொண்டிருப்பார்கள். வருகிற நான்கு பெரியவர்களின் கையெழுத்தோடு 'பொதுமக்கள் ஒப்புதல்' என்று தீர்மானம் நிறைவேறிவிடும்.

ஆகவே, போடி, மேலச்சொக்கநாதபுரம், மீனாட்சிபுரம் வாசகர்களுக்கும், இதே மாதிரி மலையடிவார ஊர்களில் இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டு உறுப்பினரைப் பார்த்து, அடுத்த பகுதி சபை எந்தத் தேதி என்று கேளுங்கள். அதை ஜீப்புகள் திரும்பிய பிறகு, சாயங்காலம் ஏழு மணிக்கு, கடைசித் தெருவிலேயே வைக்கச் சொல்லுங்கள். வைத்தால் என்ன பேசினார்கள் என்றும், வைக்கவில்லையென்றால் என்ன காரணம் சொன்னார்கள் என்றும் எங்களுக்கு எழுதுங்கள். இரண்டையும் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்